புளி போட்டுத் தேய்த்த ஸ்விட்ச்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: அத்தை, அத்திம்பேர், ஸ்விட்ச் மாட்ட வந்த வயர்மேன், யாரும் கூப்பிடாமலே வந்த எதிர்வீட்டு மாமி, அப்புறம் நான். வேறு யாரும் இல்லை. பின்னால் எங்கள் தெருவில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். ஷாக் அடித்தது எங்களுக்கு, பேர் அவர்களுக்கு.

முப்பதுகளில் நடந்தது. மைலாப்பூரில் பாதி வீடுகள் கரண்டு போட்டுக்கொண்டிருந்தன. மீதி வீடுகள் அவை எப்போது எரிந்து போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தன. நான் ஃபோர்த் ஃபாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மின்சாரப் பாடம் அடுத்த வகுப்பில் வரும் என்றார்கள். அதற்குள் ஜாக்கிரதையாக வெளியே வந்துவிட்டேன். அப்படிப்பட்டவனுக்குப் பகவான் தேடிப் பிடித்துக் கொடுத்த உத்தியோகம், மாம்பலத்தில் ஓர் எலெக்ட்ரிக் சாமான் கடையில். வீடு வீடாகப் போய், "கரண்டு போட்டுக்கொள்ளுங்கள், ஒரு பயமும் இல்லை" என்று சொல்ல வேண்டும். டிராம் கம்பியில் பொறி பறந்தால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்துவிடுகிறவன் நான். மழை நாளில் டிராம் பக்கமே போவதில்லை.

கடையில் சேர்ந்த முதல் வாரமே முதல் ஷாக். முதலாளி ஒரு ஹோல்டரை நீட்டி, "இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ" என்றார். பிடித்தேன். எறும்புப் புற்று ஒன்றைத் தோள்பட்டைக்குள் கவிழ்த்த மாதிரி இருந்தது. "இனிமே ஜாக்கிரதையா இருப்பே" என்றார். கடையில் எனக்குக் கிடைத்த பயிற்சி மொத்தமும் அவ்வளவுதான்.

ஆறு மாதமாக ஒரு வீடும் சிக்கவில்லை. "ஒரு பயமும் இல்லை" என்று நான் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தவர்கள் நேரே மண்ணெண்ணெய் வாங்கப் போனார்கள். கடைசியில் முதலாளி சொல்லிவிட்டார்: "இந்த மாசத்துக்குள்ளே ஒரு வீட்டு வயரிங்காவது முடிச்சுக் காட்டு. இல்லேன்னா ஆத்தோட இரு." ஆத்தோடு இருக்க எனக்கென்று வீடு ஏது? சாப்பாடு, படுக்கை எல்லாம் அத்தை வீட்டில். வேலை போய்விட்டால் அதுவும் எத்தனை நாளைக்கோ. ஆகவே அத்தை வீட்டையே பிடித்தேன். பாதிப் பணம் முன்னால், மீதி விளக்கு எரிந்தபின் என்று அத்திம்பேர் ஒப்புக்கொண்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. நாலு மணிக்குக் கூடத்தில் பல்பு எரிந்தது. வயர்மேன் திருவல்லிக்கேணிக்காரர், தொழிலில் கெட்டி, முடிப்பதில் அவசரம். "எர்த்துக் கம்பி நாளைக்கி எடுத்தாந்து போட்றேன் சாமி. இப்போ லைட்டு எரியுதா, அத்தப் பாரு" என்றார்.

"அது இல்லாம தொட்டா ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டேன். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை கேட்டேன்.

"இன்னா சாமி, நீ கடை ஆளா, இல்ல சீக்காளியா?" என்று சொல்லிவிட்டு வாசலில் பீடி பிடிக்கப் போய்விட்டார்.

இங்கே எங்கள் அத்தையின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெளி மனுஷர்கள் கை பட்ட எதையும் அலம்பாமல் உள்ளே சேர்க்க மாட்டாள். தபால்காரர் கொடுக்கும் மணியார்டர் பணத்தைக்கூடத் தண்ணீர் தெளித்துத்தான் எடுப்பாள். பணம் வேண்டாம் என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. ஸ்விட்சின் மூடியோ பளபளவென்று பித்தளை. வயர்மேன் கை பட்ட பித்தளை, அதுவும் வெள்ளிக்கிழமை. அத்தைக்கு வேறு யோசனையே வந்திருக்காது. விளக்கேற்றக் குளித்துவிட்டு, மடியாக, ஈரப் புடவையோடு, ஒரு கையில் புளி, ஒரு கையில் சொம்புத் தண்ணீருடன் கூடத்துக்கு வந்திருக்கிறாள்.

நான் கவனிக்கவில்லை. எதிர்வீட்டு மாமி, "ஏண்டாப்பா, இது எரியறச்சே புகை எங்கே போறது?" என்று கேட்டிருந்தாள். நானும் அண்ணாந்து பல்பைச் சுற்றிப் புகையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால், அத்தையின் கை ஸ்விட்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உடம்பு தையல் மிஷின் மாதிரி ஆடுகிறது. வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்த வீட்டில் அது புதுசு.

மடியாக இருக்கும் அத்தையை யாரும் தொடக்கூடாது. பெற்ற பிள்ளைகள் தொட்டதில்லை, அத்திம்பேர் தொட்டதில்லை. தைரியமாகத் தொட்டது கரண்டு ஒன்றுதான். நான் கடைத்தெரு முழுக்கச் சுற்றிவிட்டு வந்த சட்டையோடு நிற்கிறேன். தொட்டால் மடி போய்விடும். தொடாவிட்டால் அத்தையே போய்விடுவாள். மாமி இரண்டடி பின்வாங்கி, "நான் இன்னும் குளிக்கலையே" என்றாள். அத்திம்பேர், "இரு, மடியாப் பட்டு வேஷ்டி கட்டிண்டு வந்துடறேன்" என்று உள்ளே போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அத்தனை வருஷப் பழக்கம்.

அத்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு கவலை. மடி கெட்டுப் பிழைத்துக்கொண்டால் என்ன சொல்வாள் என்று இன்னொரு கவலை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தேன். தொடுவதைக் குறைத்துத் தொடலாம் என்று சுண்டு விரலை மட்டும் நீட்டி அவள் முழங்கையில் வைத்தேன்.

கரண்டுக்குச் சுண்டு விரல், கட்டை விரல் என்ற பாகுபாடு இல்லை. பல்லும் பல்லும் கிட்டின. கடையில் இருக்கிற அத்தனை பல்பும் என் கண்ணுக்குள் எரிந்தன. விழும்போது அத்தையின் முழங்கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறேன். அதை வீரம் என்று நான் சொன்னதில்லை. வேறு யாரும் சொன்னதும் இல்லை.

சத்தம் கேட்டு வயர்மேன் ஓடி வந்து மெயினை அணைத்தார். ஸ்விட்சிலிருந்து வழியும் புளித் தண்ணீரைப் பார்த்தார். "இன்னாம்மா, ஸ்விச்சுல கொயம்பு வெச்சிகினு கீறே?"

அத்தை எழுந்து உட்கார்ந்தாள். எங்கள் எல்லோரையும் ஒரு தரம் பார்த்தாள். பார்வை என்னிடம் வந்து நின்றது. "என்னைத் தொட்டுட்டியேடா. மறுபடி குளிக்கணும்" என்றாள்.

பட்டு வேஷ்டியில் அத்திம்பேர் வந்தார். "அதுக்குள்ளே விட்டுடுத்தா?" என்று கேட்டார்.

பிறகு விசாரணை. கரண்டு அக்னி மாதிரி, அதற்குத் தீட்டில்லை என்பது அத்திம்பேர் கட்சி. "அக்னி நம்மாத்து அடுப்புல இருக்கு. இது எங்கேயோ பவர் ஹவுஸ்லேர்ந்து ஊரையெல்லாம் தொட்டுண்டு வரது" என்றாள் அத்தை. "எல்லாத்தையும் கழட்டிண்டு போகச் சொல்லுங்கோ."

எனக்கு மரத்துப்போன கை மறந்துபோயிற்று. கழற்றினால் வேலை போயிற்று. "அத்தை, நாளைக்கு எர்த்துக் கம்பி போட்டுட்டா..." என்று ஆரம்பித்தேன். "நீ பேசாதே" என்றாள்.

எதிர்வீட்டு மாமி ஆறுதலாகச் சொன்னாள்: "நல்லதாப் போச்சு மாமி. இதெல்லாம் எல்லாராத்துக்கும் லாயக்குப்படாது. எங்காத்துல வர மாசம் போடறா. நாங்கள்ளாம் கொஞ்சம் தைரியம்."

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். "கழட்ட வேண்டாம்" என்றாள். "இருக்கட்டும்." அன்றுமுதல் கொடித் துணி எடுக்கிற மூங்கில் கோலாலேயே ஸ்விட்சைத் தட்டினாள்.

மறுநாள் வயர்மேன் எர்த்துப் போட்டுவிட்டுப் போனார். மீதிப் பணத்தை அத்திம்பேரிடம் கேட்டேன். தீட்டுக் கழிக்கச் செய்த புண்யாகவாசனத்துக்கு வாத்தியார் தட்சிணை, அத்தையின் இரண்டாவது குளியலுக்கு விறகு, என் கைக்குத் தடவிய நல்லெண்ணெய் என்று விரல் விட்டு எண்ணினார். "உனக்கு இங்கே சாதம் போடறோமே, அதுக்கு என்னிக்காவது பில் அனுப்பினேனா?" என்றார். அவர் அனுப்பியதில்லை, உண்மைதான்.

மீதிப் பணம் வரவில்லை என்று முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "விளக்கு எரியறதா?" என்று கேட்டார். எரிகிறது என்றேன். "அப்போ வேலையிலே இரு. பாக்கியை உன் சம்பளத்துலே மாசா மாசம் பிடிச்சுக்கறேன்" என்றார். பிடித்தும் முடித்தார்.

அந்த விளக்கடியில் அத்திம்பேர் வருஷக்கணக்காகப் பேப்பர் படித்தார். எனக்கு அவரிடமிருந்து இன்னும் வர வேண்டியது பத்தொன்பது ரூபாய் ஆறணா.