பொட்டு வைத்த பெட்டியும் நான் எழுதிய ஒரு வரியும்

“டி.வி. வாங்கிக் கொடுத்தாச்சு, டேப் வாங்கிக் கொடுத்தாச்சு. பிள்ளைகளைக் காணோமே மேடம்?” என்று எங்கள் ஒன்றிய அதிகாரி பி.டி.ஓ. கேட்டார். கொரோனாவுக்குப் பிறகு பள்ளிக்கூடங்கள் திறந்து இரண்டாவது வாரம் அது. வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது.

நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் எழுத்து வேலை பார்த்தவள். கடைசிக் காலத்தில் பள்ளிக்கூட செக்‌ஷன். இப்போது அந்த நாற்காலியில் புதிதாக உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதில் முட்டாள்தனம் செய்தது யார் என்று தேட வேண்டாம். நான்தான்.

1. பூஜை போட்ட டி.வி.

வீட்டிலேயே இருந்து பழகிவிட்ட பிள்ளைகளைத் திரும்ப இழுக்கத்தான் பொதுநிதியிலிருந்து சில பள்ளிகளுக்கு ஸ்மார்ட் கிளாஸ் என்று டி.வி.யும், பிள்ளைகள் கையில் வைத்துப் படிக்க டேப்லெட்டும் கொடுத்தோம். கொட்டேஷன் முதல் டெலிவரி வரை அந்த ஃபைலை நகர்த்தியவள் நான். அப்படியும் சீவலப்பேரி போகிற வழியில் ஒரு நடுநிலைப் பள்ளியில், எட்டாம் வகுப்பில் ஆறு பெண்பிள்ளைகள் வரவே இல்லை. டவுன் பஸ் ஏறிப் போனேன்.

ஹெச்.எம். ஜெயராணி டீச்சரின் அறையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. டி.வி. பெட்டியின் மேல் சந்தனமும் குங்குமமும் இருந்தன. சரஸ்வதி பூஜைக்கு மாலைகூடப் போட்டிருக்கிறார்கள், நார் இன்னும் தொங்கியது.

“என்ன டீச்சர் இது? சாமியாக்கிட்டியளா?” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் பீரோவைத் திறந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்து நீட்டினார். “நீங்க அனுப்பினதுதான். கடைசி வரியைப் படிங்க.”

‘மேற்படி பொருட்களுக்குப் பழுது, சேதம், களவு எது நேரினும் தலைமையாசிரியரே முழுப் பொறுப்பு.’

“எனக்கு ரிட்டயர் ஆவ ரெண்டு வருசம் கிடக்கு. பிள்ளையள் கையில கொடுத்து உடைஞ்சுதுன்னா, பென்ஷன்ல கை வைப்பீயளா மாட்டீயளா?”

அந்த வரியை யாரும் எழுதச் சொல்லவில்லை. எப்போதோ இரும்பு பீரோ வாங்கிக் கொடுத்தபோது போட்ட சுற்றறிக்கையைப் பார்த்து, பொருளின் பெயரை மட்டும் மாற்றி அடித்திருந்தேன். எங்கள் ஆபீஸில் எல்லாமே அப்படித்தான். பழைய ஃபைல் இருக்கும்போது யார் புதிதாக யோசிப்பார்கள்? மற்றப் பள்ளிகளுக்கும் அதே வரிதான் போயிருந்தது. வெட்கமாக இருந்தது.

2. இசக்கியம்மாள்

“அந்த ஆறு பேர்ல இசக்கியம்மாளைக் கொண்டாந்துட்டா மத்த அஞ்சும் பின்னாலயே வந்துரும்” என்றார் டீச்சர். குடையைப் பிடித்துக்கொண்டு இருவருமாக அவள் வீட்டுக்கு நடந்தோம்.

தாயும் மகளும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். மகளின் விரல் தாயைவிட வேகம். தாய் செல்லத்தாய் எங்களைப் பார்த்ததும் பாய் விரித்தாள். கை மட்டும் நிற்கவில்லை.

“ஆன்லைன் கிளாஸ்னிய. எங்க வீட்டுல அந்தப் போன் உண்டுமா? ஒண்ணரை வருசமா எழுத்தே மறந்து போச்சுன்னு சொல்லுதா. இப்பம் போய் உக்காந்தா மத்த புள்ளைய சிரிக்காதா?”

இசக்கியம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. “டி.வி. வந்திருக்காமே டீச்சர். பூப் போட்டுக் கும்பிடுதியளாமே” என்றாள். கேலிதான். ஆனால் அடுத்த கேள்வி கேலி இல்லை. “அந்த டேப்பை நாங்க தொடலாமா?”

“தொடலாம்” என்றேன்.

“கீழ விழுந்துட்டா?”

“என் பொறுப்பு.”

ஜெயராணி டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்படிச் சொல்ல எனக்கு என்ன அதிகாரம்? ஒன்றும் கிடையாது.

மறுநாள் பி.டி.ஓ. முன் ஃபைலை வைத்தேன். அந்த வரியை நீக்கி, வகுப்பில் பயன்படுத்தும்போது ஏற்படும் பழுதை ஒன்றியமே சரிசெய்யும் என்று குறிப்பு எழுதியிருந்தேன். அவர் பேனாவை எடுத்தார், வைத்தார்.

“ஆடிட்ல கேட்டா என்ன சொல்ல மேடம்?”

“பிரிக்காத பெட்டியைக் காட்டினா மெச்சிக்கிடுவாங்களா சார்? பிள்ளையளுக்குத்தானே வாங்கினோம்.”

மறுபடி பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர். அன்று மாலையே எல்லாப் பள்ளிக்கும் புதுச் சுற்றறிக்கை போனது.

திங்கட்கிழமை இசக்கியம்மாள் வந்தாள். டீச்சர் சொன்னபடியே மற்ற ஐந்து பேரும் வந்தார்கள். மறந்துபோன ஆறாம் வகுப்புக் கணக்கை மூலையில் உட்கார்ந்து டேப்பில் போட்டுப் பார்க்க வைத்தார் டீச்சர். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு வாயெல்லாம் பல்.

3. கீறல்

மூன்று வாரம் கழித்து டீச்சரிடமிருந்து போன். “மேடம், இசக்கி கையிலேருந்து டேப் விழுந்து கண்ணாடி கீறிட்டு. அது பெருசில்ல. ரெண்டு நாளா அவ வரல. பீடி சுத்திப் பணத்தை அடைச்சிருதேன்னு சொல்லி விட்டிருக்கா.”

அன்றைக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். வாசலில் என் தலையைக் கண்டதும் அவள் எழுந்து கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். அழுகிற சத்தம் கேட்டது.

“ஏட்டி, வெளிய வா. உன்னை யாரு அடைக்கச் சொன்னா? என் பொறுப்புன்னு சொன்னேன்லா?”

“சும்மா சொன்னியன்னு நினைச்சேன்” என்றது கதவு.

சுரீர் என்றது எனக்கு. முப்பத்தோரு வருடமாக எத்தனை பேரிடம் ‘பாத்துக்கிடுதோம், போயிட்டு வாங்க’ என்று சொல்லி அனுப்பியிருப்பேன்? ஒருவரையாவது தேடிப் போயிருப்பேனா? புதிதாக வந்திருக்கும் நீங்கள் வேறெதைக் கற்றாலும் கற்காவிட்டாலும், யார் மேலும் பொறுப்பு என்று எழுதுவதற்கு முன்னால் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்.

“சும்மா சொல்லியிருந்தா இந்த மழையில வந்து நிப்பேனா? முகத்தைக் கழுவிட்டுப் பையை எடு. மத்தியானப் பெல் அடிக்கப் போவுது.”

கதவு திறந்தது. அவள் ஏற்கெனவே யூனிஃபார்மில்தான் இருந்தாள்.