விதானையாரைப் பற்றி நான் சொன்ன ஒரு சொல்

இதை எழுதவேணும் என்று எத்தனையோ வருசமாக முருகனுக்கு விளக்கு வைத்துவிட்டுக் கொப்பியை எடுப்பேன். பேனையைத் திறந்ததும் ஏதாவது வேலை வந்துவிடும். வராவிட்டால் நானே தேடிப் போவேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு எழுத்தென்ன என்று சாட்டும் வைத்திருந்தேன். உண்மை அதில்லை. வெட்கம்.

போன கிழமை மகளுக்கு ஒரு வதிவிடக் கடிதம் தேவைப்பட்டது. இங்கே நோர்வேயில், ஸ்டோவ்னர் ஸ்டேசனில் நின்றபடி போனைத் தட்டினாள். ரெயின் வர முதல் கடிதம் வந்துவிட்டது. "சீல் எங்கை பிள்ளை?" என்றேன். "ஐயோ அப்பா, இஞ்சை ஆர் இப்ப சீல் குத்துறது!" என்று சிரித்தாள். எனக்கோ அந்த ஊதா மையின் மணம் மூக்கில் ஏறிவிட்டது.

அது எங்கள் ஊரின் அரசாங்கப் பதிவுகளைப் பார்த்த விதானையாரின் மேசை மணம். ஊரை ஆமி பிடித்திருந்த காலம். எந்த வீட்டில் ஆர் இருக்கினம் என்ற பட்டியல் அவரிடம்தான். அவர் கையெழுத்தில்லாமல் அரிசியுமில்லை, பயணமுமில்லை. ஆமிக்கும் அவர் வேணும், எங்களுக்கும் வேணும். அதனாலேயே ஒருவரும் அவரை நம்பவில்லை.

என் தம்பியை ஆமி பிடித்து வைத்திருந்த கிழமை அது. ஒருநாள் காலை விதானையார் பட்டியலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முகாமுக்குள் போவதைக் கண்டேன். தேத்தண்ணிக் கடையில் சொன்னேன்.

"என்னத்துக்காம்?" என்றார் கடைக்காரர்.

"வேறென்ன, ஆமிக்குப் பெடியளின்ரை பேர் குடுக்கத்தான்."

நான் கண்டது அவர் போனதை மட்டும். மற்றது என் வாயில் பிறந்தது. பின்னேரம் கோயிலடிக்குப் போனால் அந்தக் கதை கைகால் முளைத்து எனக்கே திரும்பி வந்தது: கதிரை போட்டு இருந்து, ஆமியோடு கேக்கும் சாப்பிட்டாராம்!

அடுத்த நாள் தம்பி வீட்டுக்கு வந்தான். "விதானையார்தான் பட்டியலைக் காட்டி, இவன் எங்கட ஊர்ப் பெடியன், படிக்கிறவன் எண்டு கையெழுத்து வைச்சவர் அண்ணை" என்றான்.

கடைக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நானும் விதானையாரின் ஆளாகிவிடுவேன். வெள்ளிக்கிழமைப் பூசையில் அவர் திருநீற்றுக்குக் கை நீட்டியபோது பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். நானும் விலகினேன். பிறகு கொழும்புக்குப் போக அவரிடமேதான் கடிதம் வாங்கினேன். சீலை வாயால் ஊதிக் குத்தி, "கவனமாப் போ தம்பி" என்றார். கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கே வந்து ட்வெய்ட்டாப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. அங்கே பார்க்க ஒருவரும் வராத ஒரு நோர்வேக்காரக் கிழவர். ஜேர்மன்காரர் இந்த நாட்டைப் பிடித்திருந்தபோது பங்கீட்டு அட்டைக் கந்தோரில் எழுத்தராக இருந்தவர். ஒளித்திருந்தவர்களுக்கும் கள்ளமாக அட்டை கொடுத்தாராம். ஊர் அவரை ஜேர்மன்காரரின் ஆள் என்றே முடிவு கட்டியது.

"அட்டை வாங்கின என்ரை அயலவனுக்கு எல்லாம் தெரியும். அவன் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்" என்றார் தன் மொழியில். "உங்கட ஊரிலை இப்பிடி நடந்ததோ?"

"இல்லை" என்றேன். துடைத்த மேசையையே திரும்பவும் துடைத்தேன்.

அந்தக் கிழவர் இப்போது இல்லை. விதானையார் இடம்பெயர்ந்த இடத்தில் செத்ததாகக் கடிதம் வந்தது. தேவாரம் பாட ஆளிருந்ததோ தெரியாது. கடையில்லை, கோயிலடியில் அன்று நின்றவர்களில்லை, தம்பியும் செத்துப்போனான். உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம்.

முருகன் முன்னால் இருந்து எழுதுகிறேன். விதானையார் முகாமுக்குப் போனது பேர் கொடுக்க அல்ல, என் தம்பியை விடச் சொல்லிக் கேட்க. இதை நாலு பேருக்குச் சொல்லுங்கோ. இப்படியே சொல்லுங்கோ. நல்ல மனுசன் என்றுகூட உங்கள் பக்கத்தால் சேர்க்க வேண்டாம். நான் ஒன்றைச் சேர்த்துத்தான் இவ்வளவும் வந்தது.