பேர்க்ஸ்டாட் பண்ணையில் ஆண்டு மாறியபோது

மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பேர்க்ஸ்டாட் பண்ணையில் எப்போதும் 1886ஆம் ஆண்டுதான். நார்வேயிலிருந்து வந்து முதன்முதலில் அந்தப் புல்வெளியை உழுத குடும்பத்தின் மரவீட்டை அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கோடையில் பார்க்க வருகிறவர்களுக்கு உள்ளூர்க்காரர்களே அந்தக் குடும்பமாக நடித்துக் காட்டுவார்கள். வேலைக்கு ஒரே விதி, 86க்குப் பிறகு நடந்த எதுவும் தெரியக் கூடாது. விமானத்தைப் பற்றி யாராவது வம்புக்குக் கேட்டால், "பறக்குதா? எங்க கோழியே வேலியத் தாண்ட மாட்டேங்குது" என்பாள் ஆர்டிஸ். வீட்டுக்காரி கிறிஸ்டினா அவள்தான். அவள் கணவன் வெர்லின்தான் வீட்டுக்காரன் ஓலே. நிஜத்தில் ஓய்வுபெற்ற பால்வண்டி ஓட்டுநர்.

ஆர்டிஸ் சம்பளத்துக்காக வரவில்லை. அது சொல்லிக்கொள்ளும்படியும் இல்லை. அவளுக்கு அந்த ஆண்டு பிடித்திருந்தது. 86இல் கிறிஸ்டினாவின் நான்கு பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்கள். கடைக்குட்டி நில்ஸ் தொண்டைக் காய்ச்சலில் போனது அடுத்த ஆண்டில். மேட்டில் அவன் கல்லறை இருக்கிறது. ஆனால் கிறிஸ்டினாவுக்கு அது இன்னும் தெரியாது. தண்ணீர் வாளியோடு அந்தப் பக்கம் போகும்போது ஆர்டிஸ் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த விதிக்கு அவள் மனசுக்குள் நன்றிகூடச் சொல்லியிருக்கிறாள்.

ஏனென்றால் அவளுடைய சொந்தப் பையன் டேரலும் ஏழு வயதில், உறைந்த ஏரியின் பனி உடைந்து மூழ்கிப் போனவன். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவர்கள் வீட்டில் யாரும் எடுத்ததில்லை. வெர்லின் வாயைத் திறக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்த ஊர் ஆட்களே அப்படித்தான். நெஞ்சு வெடித்தாலும் காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு மழையைப் பற்றிப் பேசுவார்கள், கல்லுளிமங்கர்கள். புதியவர்கள் யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "ரெண்டு பொண்ணுங்க" என்று ஆர்டிஸ் முடித்துவிடுவாள். சொன்ன நாளெல்லாம் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

இந்த வசந்தத்தில் பண்ணை நிர்வாகி ரோண்டா எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். இடிந்து கிடந்த பெரிய தொழுவத்தை எடுத்துக் கட்டியாகிவிட்டது. அது முதன்முதலில் எழும்பியது 1888இல்.

"அத வச்சுக்கிட்டு 86ன்னு சொன்னா ஊரு சிரிக்கும். இனிமே நமக்கு 88" என்றாள்.

"அப்போ நில்ஸ்?" என்றாள் ஆர்டிஸ்.

"போயிட்டான். யாராவது கேட்டா சொல்லிடுங்க. ஒங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேற ஆளப் பாக்குறேன்."

வீட்டுக்கு வந்ததும் ஆர்டிஸ் தொப்பியைக் கழற்றி மேசைமேல் போட்டாள். "நான் நின்னுக்கிறேன். அந்தப் பாவாட இடுப்பப் பிடிக்குது."

"இத்தன வருஷமா பிடிக்கலயா?" என்றான் வெர்லின். அவனுக்குக் காரணம் தெரியாமல் இல்லை. "தெறக்கிற அன்னிக்கு மட்டும் வா. நீ இல்லாட்டி என்னை அதட்ட யாரு இருக்கா?"

போனாள். அடுப்பின் கல்லில் உருளைக்கிழங்கு ரொட்டியைப் போட்டுவிட்டு அடுத்ததைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெர்லின் வாசல் பக்கம் குதிரை வார் தைத்துக்கொண்டிருந்தான். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் உள்ளே வந்தாள்.

"ஒங்களுக்கு எத்தன பிள்ளைங்க?"

ஆர்டிஸின் கை நின்றது. எல்லாரும் கேட்கிற கேள்விதான். "நாலு. மூணு பேர் வயல்ல இருக்காங்க. கடைசிப் பையன் மேட்டுல தூங்குறான்."

"அவன் பேரு?"

"டேரல்."

நில்ஸ் என்றுதான் சொல்ல நினைத்தாள். நார்வேக் குடும்பத்தில், அந்தக் காலத்தில், டேரலாவது! ஜன்னலுக்கு வெளியே நின்ற ரோண்டா திரும்பிப் பார்த்தாள். ஆர்டிஸுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு வார்த்தையில் வெர்லின் திருத்திவிடலாம், அவன் திருத்துவான் என்றுதான் அவள் காத்திருந்தாள்.

வெர்லின் வாரைக் கீழே வைத்தான்.

"ஆமா பாப்பா, டேரல்தான்" என்றான். "ஒரு எடத்துல இருக்க மாட்டான். பக்கத்துப் பண்ணக் குதிரைக்குச் சர்க்கரையத் திருடிக் குடுப்பான். கேட்டா, குதிரதான் கேட்டுச்சும்பான்."

சிறுமி சிரித்தாள். ரோண்டா ஜன்னலை விட்டு மெல்ல நகர்ந்து போனாள்.

ஆர்டிஸ் மாவுக் கையோடு அவனையே பார்த்தாள். அந்தச் சர்க்கரை விஷயம் அவளுக்குத் தெரியாது. பிள்ளையைப் பற்றி அவளுக்குத் தெரியாத ஒன்றை இத்தனை காலம் இவன் தனியாகவே வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றாள்.

"நீ திட்டுவேன்னு ரெண்டு பேரும் மறச்சிட்டோம்."

கல்லில் ரொட்டி கருகத் தொடங்கியிருந்தது. சிறுமியின் அம்மா அதைச் சுட்டிக் காட்டினாள். ஆர்டிஸ் திரும்பவில்லை. முக்காலியை இழுத்து வாசலருகே போட்டு, வெர்லினுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்று கேட்டாள்.