மூன்றாம் தூண், நாலாம் கதிரை

கதிர்காமநாதனுக்கு விமான நிலையத்தைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்தால் போதும். "எங்கட எயார்போட்" என்பார். அங்கே அவர் பார்த்தது தரை துடைக்கும் வேலை. யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவர். அகதியாக ஒக்லாந்துக்கு வந்தபிறகு அந்தக் கைக்கு ஏற்ற வேலையை எவரும் கொடுக்கவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் உண்டு. அவருக்கு இல்லை.

கிளென் ஈடனில் அவர் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. அவருடைய சாப்பாட்டு மேசைக்கு மேலே விமான நிலையத்தின் வரைபடம் தொங்கும், அவரே வரைந்தது. எழுபத்தேழில் திறந்த கட்டடம் கறுப்பு மையில். பிறகு கூட்டிக் கட்டியதெல்லாம் சிவப்பில். புதிதாக ஒரு நடைவழி திறந்தால் அன்று மாலையே சிவப்புக் கோடு ஏறிவிடும். தன் வீட்டுக்கு அறை கூட்டியதுபோல் என்னை அழைத்துக் காட்டுவார். நான் கொட்டாவியை அடக்கிக்கொள்வேன்.

தொண்ணூற்றாறில் அவருடைய அக்கா அன்னபாக்கியம் சிட்னியிலிருந்து லொஸ் ஏஞ்சலிசில் இருந்த மகனிடம் போனார். வழியில் ஒக்லாந்தில் இரண்டு மணி நேரம் தங்கல். வெளியே வர விசா இல்லை. இருவரும் பார்த்துப் பன்னிரண்டு வருடம். அக்காவுக்கு இருதய வருத்தம். இதற்குப் பிறகு பயணமே கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

கதிர்காமநாதன் அசரவில்லை. பயணிகள் காத்திருக்கும் மண்டபத்துக்கும் வெளி நடைவழிக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர். அதன் வெளிப்பக்கத்தைத் தினமும் துடைப்பவர் அவர்தானே. படம் வரைந்து அக்காவுக்கு அனுப்பினார். மூன்றாம் தூண், நாலாம் கதிரை. போனிலும் சொன்னார்.

"அக்கா, அந்தக் கதிரையில இருங்கோ. நான் கண்ணாடிக்கு இங்கால வந்து நிப்பன். ஆர் என்ன சொன்னாலும் எழும்பாதேங்கோ."

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். கண்ணாடியைக் காணவில்லை. புதிய பகுதி கட்டுவதற்காக முதல்நாள் அதைக் கழற்றிவிட்டு, நிலத்திலிருந்து கூரைவரை பலகை அடித்திருந்தார்கள். சனிக்கிழமை அவருக்கு லீவு. ஒருவரும் சொல்லவில்லை. துடைப்பவனிடம் ஏன் சொல்ல வேண்டும்?

மேற்பார்வையாளரிடம் ஓடினார். உள்ளே போகும் அனுமதி அட்டைக்குத் திங்கட்கிழமைதான் விண்ணப்பிக்கலாமாம். வாசலில் காவலுக்கு நின்ற பெண் மூன்று தரம் "சொறி" சொன்னாள். பாவம், அவள் என்ன செய்வாள். விமானக் கம்பனிக்காரர் ஒலிபெருக்கியில் இரண்டு தரம் அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழும்பியிருக்கமாட்டார். தம்பி சொல்லியிருக்கிறானே.

கடைசியில் மூன்றாம் தூணடிக்கே திரும்பி வந்து பலகையைத் தட்டினார். "அக்கா" என்று கூப்பிட்டார். ஞாயிறு என்பதால் அங்கே வேலையாட்கள் எவரும் இல்லை, ஆனால் அறிவிப்புச் சத்தம் அவர் குரலை விழுங்கிவிட்டது. விரலால் தட்டினார், பிறகு உள்ளங்கையால், பிறகு முட்டியால். அவருடைய பையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. விமானம் கிளம்பும்வரை தட்டினார்.

மூன்றாம் நாள் அமெரிக்காவிலிருந்து போன் வந்தது. நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"நீ சொன்ன கதிரையிலதான் தம்பி இருந்தனான். முன்னால ஒரே பலகை. ஏதோ வேலை நடந்தது போல, அங்கால ஆரோ ஒருத்தன் விடாமத் தட்டிக்கொண்டே இருந்தான். எனக்குத் தலையிடி வந்திட்டுது. ஆனாலும் நான் எழும்பேல்லை."

"ஓம் அக்கா," என்றார் கதிர்காமநாதன். "அவங்கள் ஞாயிற்றுக்கிழமையும் வேலை செய்வாங்கள்."