முதுகு நோகாமல் பிடித்த எலிகள்

உழவு மெசின் வரம்பில் புரண்டு என் மகனின் முதுகை ஒடித்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அவனுக்கு ஒன்றும் தெரியாது. வாய் மட்டும் பழைய வாய். படுத்த படுக்கையிலேயே கறிக்கு உப்புக் காணாது என்று எனக்குச் சமையல் படிப்பிப்பான்.

தங்கச்சியின் மகள் கம்பஸில் எலியை வைத்துப் படிக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்துதான் போய் வருகிறாள். ஒரு நாள் சோறு தின்றுகொண்டே, வயல் எலி வேண்டும், உயிரோடு வேண்டும், முதுகில் அடி படவே கூடாது என்றாள். ஏனென்று கேட்டேன். முதுகெலும்புக்குள்ளே வெள்ளைக் கயிறு போல ஒன்று ஓடுகிறதாம். முண்ணாண் என்று பேராம். அதற்குள் நரம்புக் கலங்கள் எங்கே நெருக்கம், எங்கே ஐது என்று பார்க்கிறாளாம். காலை ஆட்டச் சொல்லுகிற கலங்கள் வயிற்றுப் பக்கமாகப் பெரிது பெரிதாக இருக்குமாம். சூடும் நோவும் அறிகிறவை முதுகுப் பக்கம் சின்னச் சின்னதாய் நெருக்கியடித்துக் கிடக்குமாம். கைகால் பிரிகிற இடங்களில் கயிறே தடித்திருக்குமாம்.

கறிச் சட்டியைக் கீழே வைத்தேன்.

"அப்ப அண்ணனுக்கும் அதுதானா புள்ள பழுதாப் போனது?"

"ஓம் பெரியம்மா."

"இது தெரிஞ்சா அவன் நடப்பானா?"

அவள் சோற்றைப் பிசைந்தாள். "நடப்பார் பெரியம்மா. அதுக்குத்தானே பாக்கிறம்."

எங்கள் வயல் வட்டையில் எலியைத் தடியால் அடிப்பார்கள், இல்லாவிட்டால் பொறி வைப்பார்கள். இரண்டும் முதுகைத்தான் முறிக்கும். நான் வாவியில் இறால் வடிக்கிற அத்தாங்கு வலையை எடுத்துக்கொண்டு வரம்புக்குப் போனேன். இரண்டை விட்டு மிச்சப் பொந்துகளை மண்ணால் அடைத்து, ஒன்றில் தண்ணீர் ஊற்றி, மற்றதின் வாயில் வலையைப் பிடித்தால் எலி தானே வந்து விழும். ஒரு மயிர் நோகாது. பக்கத்து வயல்காரி கண்டுவிட்டு, "என்னகா, வாவியில இறால் முடிஞ்சு போச்சா?" என்று சிரித்தாள். என்ட மகன்ட கால் இதுக்குள்ளதான்கா கிடக்கு என்றேன். அவள் பிறகு சிரிக்கவில்லை.

எலி கொடுத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் டவுனிலிருந்து ஒரு சங்கத்து ஆட்கள் உருட்டிக்கொண்டு போகிற சில்லுக் கதிரை ஒன்றைக் கொண்டு வந்தார்கள். புத்தம் புதுசு. வேலிப் படலையடியில் இறக்கிவிட்டார்கள். மகன் தலையைத் தூக்கி யன்னலால் பார்த்தான். நான் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன், கதிரையைத் திருப்பிக் கொடுத்தேன். நடக்கப் போகிறவனுக்கு இது எதுக்கு, நடக்க ஏலாத ஆட்களுக்குக் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். தங்கச்சியின் மகள் வாசலில் தலை சீவிக்கொண்டு நின்றாள். சீப்பு ஒருக்கால் நின்றது. பிறகு சீவினாள்.

எலியெல்லாம் கொடுத்து முடிந்த பிறகு என்னைக் கம்பஸுக்குக் கூட்டிப்போனாள். நல்ல சீலை உடுத்துக்கொண்டு போனேன். சின்னதைப் பெரிதாய்க் காட்டுகிற நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தால், எலியின் முண்ணாணைக் குறுக்கே சீவிச் சாயம் போட்ட துண்டு. நடுவில் வண்ணத்துப்பூச்சி ஒன்று செட்டை விரித்த மாதிரி. ஒரு பக்கச் செட்டையில் ஊதாப் பொட்டுகள் பெரிது பெரிதாய். காலை ஆட்டுகிறவை அவைதான் என்று எனக்கே விளங்கிவிட்டது. வடிவென்றால் அப்படி ஒரு வடிவு.

அவளுக்குப் படிப்பிக்கிற மிஸ் வந்து நன்றி சொன்னா. இனி மகனுக்கு எப்போது மருந்து தொடங்குவீர்கள் என்று கேட்டேன். அந்த மனிசி என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தா. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "அம்மா, எலிக்குள்ள இது எங்க எங்க இருக்கெண்டு பாக்கிறம். அவ்வளவுதான். நடக்க வைக்கிற வேலை இது இல்ல."

பஸ்ஸில் அவள் மெல்ல வாயைத் திறந்தாள். உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு இல்லையெண்டு சொல்ல வாய் வரல்ல பெரியம்மா என்றாள்.

"கதிரை வந்த அண்டைக்குமா வாய் வரல்ல?"



அடுத்த நாள் சங்கத்துக்கு நானே போனேன். யாரிடமும் போய் நின்று ஒன்று கேட்டு எனக்குப் பழக்கமில்லை. நின்றேன். அந்தக் கதிரையை வேறு ஊரில் ஒரு பெட்டைக்குக் கொடுத்துவிட்டார்களாம். இன்னொன்று வந்தால் சொல்வார்களாம். வீட்டுக்கு வந்து மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தக் கதிரையில ஒருக்கா இருந்தாவது பாத்திருக்கலாம் அம்மா" என்றான்.

அவள் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். சோறு போடுகிறேன், உடுப்புக் காய்ந்தால் மடித்தும் வைக்கிறேன். தங்கச்சியிடம்கூட இதைச் சொல்லவில்லை. ஆனால் மழை வருது பெரியம்மா, நெல்லை அள்ளுங்க என்று அவள் வாசலிலிருந்து கூப்பிட்டுச் சொன்னால், நான் முற்றத்தில் இறங்கி வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் நெல் காய்கிற பாயைச் சுருட்டுகிறேன்.