மெதுவா அமுக்கு

துபாயில் கேமரா விற்கும் கடையில் அமீர் பாட்சாவுக்கு நல்ல பேர். எந்த நாட்டுக்காரர் வந்தாலும் அவருடைய விரலைப் பிடித்துப் பட்டன்மேல் வைத்து அமுக்கச் சொல்வார். பாதி அமுக்கினால் பீப் என்று சத்தம் மட்டும் வரும், இன்னும் அழுத்தினால்தான் படம் விழும் என்று சலிக்காமல் பாடம் நடத்துவார். எந்த மாடலில் பட்டன் வழுக்கிக்கொண்டு இறங்கும், எதில் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

2006இல் லீவு முடிந்து கோட்டக்குப்பத்திலிருந்து கிளம்பும்போது, கர்ப்பமாயிருந்த மனைவி ஜமீலா பீவியிடம் ஒரு கேமராவைக் கொடுத்தார். வாசலில் ஏர்போர்ட் போகிற கார் ஹாரன் அடித்துத் தொலைத்தது.

"கொழந்தைய தெனமும் எடு, வந்து பாக்குறேன். பட்டன மெதுவா அமுக்கு, அப்பத்தான் ஆடாது. வேற எதுலயும் கை வெச்சிடாத, எல்லாம் அழிஞ்சிடும்."

தாய்வீடு இருந்த திண்டிவனத்தில் ஜமீலாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அயான் என்று பேர் வைத்தார்கள். போன் வரும்போதெல்லாம் கேமரா பேச்சுதான்.

"இன்னிக்கு புள்ள குப்புற வுழுந்தான்ங்க. சிரிச்சிக்கினே இருந்தான், எடுத்துட்டேன்."

ஸ்டூடியோவுக்குத் தூக்கிப் போகலாம் என்றாள் அவள் அம்மா. "ஊட்லயே கேமரா இருக்கு, அது எதுக்கும்மா?" என்று ஜமீலா பெருமையாக மறுத்துவிட்டாள்.

எட்டாம் மாதம் காய்ச்சல் கண்டது. மூன்றே நாளில் பிள்ளை போய்விட்டான். லீவு கிடைத்து அமீர் பாட்சா வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. பெற்ற பிள்ளையை ஒருமுறைகூடப் பார்க்கக் கொடுத்துவைக்காத பாவி. கேமராவில் இருக்கிறான், பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் விமானத்தில் வந்திருந்தார்.

கேமராவில் இரண்டே படங்கள். இரண்டும் அவர் புறப்பட்ட அன்று ஜமீலாவை எடுத்தவை.

"எங்கடி புள்ள?" என்று கத்தினார்.

"எடுத்தேங்க, அல்லா மேல சத்தியமா எடுத்தேன். ஒவ்வொரு வாட்டியும் பீப்புனு சத்தம் வந்துச்சி. நீங்க சொன்னாப்பல மெதுவாத்தான் அமுக்கினேன். வேற பட்டன் எதையும் தொடலீங்க."

அமீர் பாட்சாவுக்குப் புரிந்துவிட்டது. கேமரா மேல் குற்றமில்லை, அவள் மேலும் இல்லை. ஊர் உலகத்துக்கெல்லாம் விரல் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர், கட்டிய மனைவிக்குப் பாதியைத்தான் சொல்லியிருந்தார்.

கேமராவைக் கீழே வைத்தார்.

"எப்டி இருந்தான் ஜமீலா?"

"ஒங்க மொகந்தாங்க. அச்சு அசலா நீங்கதான்."

அமீர் பாட்சா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.