மகளுக்குப் பக்கத்தில் ஓர் இருக்கை

அந்தக் குறுஞ்செய்தி வந்தபோது நான் கடையில் இருந்தேன். அருப்புக்கோட்டையில், பந்தல்குடி போகும் சாலையில், மோட்டாரும் பைப்பும் விற்கிற கடை எங்களுடையது. கணவர் குமாரலிங்கபுரம் பக்கம் லோடு இறக்கப் போயிருந்தார். பரளச்சியிலிருந்து வந்த சம்சாரி ஒருவர் தன் தோட்டத்துக்காகப் போர்வெல் மோட்டார் ஒன்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே செல்போனை எடுத்தேன். நாங்கள் மும்பை போகிற விமானத்தில் எங்கள் இருக்கைகள் மாற்றப்பட்டிருப்பதாக ஆங்கிலத்தில் இருந்தது. அசௌகரியத்துக்கு வருந்துகிறார்களாம்.

மும்பையில் இருக்கும் என் நாத்தனார் புது வீடு வாங்கிப் பால் காய்ச்ச அழைத்திருந்தார். நான், கணவர், பதினோரு வயது மகள், ஐந்து வயது மகன், நால்வரும் விமானம் ஏறப் போவது அதுதான் முதல் தடவை. டிக்கெட் போட்ட அன்றே கூடுதல் காசு கட்டி இருக்கைகளைப் பிடித்து வைத்திருந்தேன். ஒரே வரிசையில் மூன்று, நடைபாதைக்கு அந்தப் பக்கம் ஒன்று. இப்போது பார்த்தால் நால்வரும் நான்கு வரிசையில் இருந்தோம். மகன் யாரோ இரண்டு பேருக்கு நடுவில், மகள் கிட்டத்தட்ட வால் பக்கம்.

மகனையாவது கணவர் எப்படியாவது இடம் மாறிப் பார்த்துக்கொள்வார். எனக்குக் கவலை மகளைப் பற்றித்தான். அவளுக்குக் காது மிகவும் மந்தம். இரண்டு காதிலும் மிஷின் போட்டிருக்கிறாள். அப்படியும் பேசுகிறவர் உதட்டைப் பார்த்தால்தான் பேச்சு பிடிபடும். இரைச்சலான இடத்தில் மிஷின் இரைச்சலைத்தான் பெருக்கிக் கொடுக்கும். பஸ்ஸில் ஏறியதும் அதைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தபடி வருவாள்.

அவள் குழந்தையாக இருந்தபோதே நானும் கணவரும் ஒன்று முடிவு செய்திருந்தோம். கண்டவர்களிடமும் இதைச் சொல்வதில்லை. ஜவுளிக் கடையிலோ கல்யாண வீட்டிலோ யாராவது அவளிடம் ஏதாவது கேட்டு, அவள் திரும்பாமல் இருந்தால், "ஏதோ யோசனையில இருக்கா" என்று நானே பேச்சை மாற்றிவிடுவேன். வளர்ந்த பிறகு, சொல்ல வேண்டியவர்களிடம் அவளே சொல்லிக்கொண்டாள். புதிதாகச் சேர்ந்த டியூஷனில் முதல் நாளே எழுந்து, "எனக்குக் காது சரியாக் கேக்காது, என்னப் பாத்துப் பேசுங்க" என்று சொன்னதாக அந்த ஆசிரியை என்னிடம் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

அன்று சாயங்காலம் விமான நிறுவனத்துக்குப் போன் போட்டேன். இந்தப் பொத்தானை அழுத்து, அந்தப் பொத்தானை அழுத்து என்று சொல்லி, பாட்டுப் போட்டு, நடுவில் இரண்டு முறை துண்டித்து, கடைசியில் ஒரு பையன் கிடைத்தான். ஆங்கிலம் கலந்த தமிழ்.

"ஏர்கிராஃப்ட் மாறிடுச்சு மேடம். சிஸ்டமே ஆட்டோமேட்டிக்கா சீட் போட்டிருக்கு."

"சேந்து உக்காரத்தான தம்பி காசு கட்டுனோம்?"

"உங்களுக்கு விண்டோ இருந்துச்சு, இப்பவும் ஒரு விண்டோ இருக்கே மேடம்."

"விண்டோவுக்கா நான் கேக்கேன்? சின்னப் புள்ளைக இருக்கு."

"காலியா இருக்கிற சீட்டை நீங்க மறுபடி வாங்கிக்கலாம் மேடம்."

கட்டிய காசுக்கே மறுபடி காசு கேட்கிறான். என்ன செய்வதென்று தெரியாமல், "பொண்ணுக்குக் காது கொஞ்சம் கேக்காது தம்பி" என்று சொல்லிவிட்டேன். அவன் குரல் சற்று இறங்கியது. ஏர்போர்ட் கவுன்டரில் சொல்லுங்கள், செய்து கொடுப்பார்கள் என்றான். போனை வைத்த பிறகு கணவர் கேட்டார். "என்னவாம்?"

"கவுன்டர்ல மாத்தித் தருவாகளாம்."

"அங்க போனா வேற ஆளக் கை காட்டுவாக. பாரு."

அவர் சொன்னபடிதான் நடந்தது. மதுரை விமான நிலையத்துக்கு வேளையோடு போய்விட்டோம். கவுன்டரில் இருந்த பெண் நம் பக்கத்துப் பெண்தான், பேச்சில் தெரிந்தது. கணினியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள்.

"ஃபுல்லா இருக்கு மேடம். போர்டிங் கேட்ல கேட்டுப் பாருங்க."

"போன்ல ஒங்ககிட்டக் கேக்கச் சொன்னாக."

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க மேடம்."

எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஒருவர் தள்ளுவண்டியால் என் காலை இடித்தார். மகள் என் பக்கத்தில் நின்று அந்தப் பெண்ணின் உதட்டையும் என் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அது உறைக்கவில்லை. "எம் பொண்ணுக்குக் காது கேக்காதும்மா" என்றேன். கொஞ்சம் என்பதை இந்த முறை விட்டுவிட்டேன். அந்தப் பெண் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"டிக்கெட் போடும்போதே ஸ்பெஷல் அசிஸ்டன்ஸ்னு போட்டிருக்கணும் மேடம். சரி, நான் இப்ப போட்டு விடுறேன். கேட்ல பாத்துக்குவாங்க."

எனக்கு உயிர் வந்தது. போட்டுவிட்டாள் அல்லவா, இனி கவலையில்லை என்று கணவரிடம் சொன்னேன். அவர் மகனைத் தூக்கிக்கொண்டார்.

உள்ளே போய் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். முடித்துக் கை துடைக்கும்போது சீருடை போட்ட ஒருவர் சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். கையில் இருந்த சீட்டைப் பார்த்து மகளின் பெயரைச் சொன்னார்.

"பேஷன்ட் யாரும்மா?"

நாங்கள் விழித்தோம். "பேஷன்ட்டுன்னு யாரும் இல்லையே" என்றார் கணவர்.

"ஸ்பெஷல் அசிஸ்டன்ஸ் போட்டிருக்கு சார். வீல்சேர்."

மகள் அந்த நாற்காலியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பள்ளி ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கிய பெண் அவள். எழுந்து தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய்க் கண்ணாடிச் சுவர் ஓரமாக நின்றுவிட்டாள். எனக்கு வந்த கோபத்தை அந்த மனிதர் மேல் காட்ட முடியவில்லை. அவர் வந்த வேலை அது. "சீட்டு ஒண்ணாக் கேட்டோம்ணே, வண்டி கேக்கல" என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுக் காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்.

விமானம் ஏறப் போகிற கேட்டில் நின்ற இளைஞனிடம் போய் நான் பேசியதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. "சுத்தமாக் கேக்காது சார். யாரு பேசினாலும் புரியாது. தனியா உக்கார வச்சா ரொம்ப பயந்துருவா." அதில் ஒன்றுகூட உண்மையில்லை. ஆனால் கொஞ்சமாகச் சொன்னால் அவர்கள் அசையவில்லை. கூட்டிச் சொல்லும்போதுதான் முகம் மாறியது. அவனும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏறி உக்காருங்க மேடம், கேபின் க்ரூ மாத்திக் கொடுப்பாங்க" என்றான். யாரைக் கேட்டாலும் அடுத்த ஆளிடம்தான் விடை இருந்தது.

விமானத்துக்குள் ஒரு கல்லூரி மாணவன், கேட்டதும் எழுந்து இடம் கொடுத்ததால், கணவருக்கும் மகனுக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை கிடைத்துவிட்டது. மகள் பின்னால் இரண்டு ஆண்களுக்கு நடுவில். எனக்கு நாலைந்து வரிசை முன்னால் இடம். நான் மகள் பக்கம் திரும்பி நின்றபடி பணிப்பெண்ணிடம் மறுபடி ஆரம்பித்தேன். நடைபாதையில் ஆட்கள் பெட்டிகளோடு நெருக்கிக்கொண்டிருந்ததால் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. "காது கேக்காத புள்ளம்மா. ஏதாச்சும் ஒண்ணுன்னாக்கூட வாயத் தொறந்து கேக்கத் தெரியாது."

அவள் நல்ல பெண். உடனே என் வரிசைக்காரர்களைப் பார்த்து, "ஒரு டெஃப் சைல்டு தனியா இருக்கு, யாராவது சீட் மாறிக்க முடியுமா?" என்று தமிழிலும் இந்தியிலும் உரக்கக் கேட்டாள். முன்னும் பின்னும் தலைகள் திரும்பின. ஓரத்து இருக்கைக்காரர் பெருமூச்சு விட்டபடி எழுந்து, மேலே வைத்திருந்த பையை இறக்கினார். பணிப்பெண் மகளிடம் போய், வா வா என்று இரண்டு கைகளாலும் பெரிதாகச் சைகை காட்டினாள்.

மகள் அசையவில்லை. "நான் இங்கயே இருக்கேன்" என்றாள். மிஷினைக் கழற்றியிருந்ததால் அவள் குரலின் அளவு அவளுக்கே தெரியவில்லை. கேபின் முழுக்கக் கேட்டது.

பையோடு நின்றவர் என்னைப் பார்த்தார். "வரலையா அப்ப?"

ஆட்களை விலக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன். அவள் வரிசைப் பக்கம் குனிந்து, "வாடா, இடம் கெடச்சிருச்சு" என்றேன்.

"எத்தன பேர்ட்டம்மா சொல்லுவ?"

"ஒனக்காகத்தானடா."

"கவுன்டர்ல சொன்ன. கேட்டுல சொன்ன. இங்க எல்லாருக்கும் சொல்லிட்ட. எனக்குப் பேசத் தெரியாதுன்னு சொல்ற. பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

அவளுக்கு இரு பக்கமும் இருந்த ஆண்கள் செல்போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் என்னைப் பார்க்காவிட்டால் நான் என்ன சொன்னாலும் அது அவளுக்குப் போய்ச் சேராது. தோளைத் தொட்டேன். தோளை உதறினாள். "மேடம், சீட்டுக்குப் போங்க, கிளம்பப் போறோம்" என்று பணிப்பெண் சொன்னாள்.

என் இடத்துக்கு வந்தேன். ஓரத்துக்காரர் பையை மறுபடி மேலே ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். "நீங்க முதல்லயே பொண்ணக் கேட்டிருக்கலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். எல்லோரும் சேர்ந்து உட்காரத்தான் ஆசைப்பட்டிருப்பாள். அதற்கு விலையாக இதைக் கேட்டுவிட்டார்களே என்றுதான் எனக்குப் பொங்கியது. நாலு பேர் குடும்பம் ஒன்றாக உட்கார வேண்டும் என்பது போதுமான காரணமாக யாருக்கும் படவில்லை. பிள்ளையைக் குறைத்துக் காட்டினால்தான் காது கொடுத்தார்கள்.

விமானம் மேலே ஏறியதும் ஜன்னலில் மேகமோ என்னவோ தெரிந்தது, எனக்கு எதையும் ரசிக்க மனமில்லை. பெல்ட் விளக்கு அணைந்ததும் எழுந்து போய்ப் பார்த்தேன். ஜன்னலோரத்துக்காரர் தூங்கிவிட்டிருந்தார். அவரைத் தாண்டி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிற்பது தெரிந்தும் திரும்பவில்லை. இரண்டாம் முறை போனபோது ஜூஸ் டம்ளரோடு இருந்தாள். அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள்.

மும்பையில் இறங்கி அவள் அப்பாவோடு நடந்தாள். நாத்தனார் வீட்டிலும் என்னோடு பேச்சில்லை. நாத்தனார் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னத்தா, மகளுக்கும் ஒனக்கும்?" என்று கேட்டார். சொன்னேன். "அவ சொல்றது சரிதான, நம்ம சொல்றதும் சரிதான. அந்த ஏரோப்ளேன்காரனக் கட்டி வச்சு ஒதைக்கணும்" என்றார். கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. விமான நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். அதே வகை இருக்கைகள்தான் தரப்பட்டுள்ளன, ஆகவே பணம் திரும்பக் கிடைக்காது என்று பதில் வந்தது.

ஊர் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மறுபடியும் குறுஞ்செய்தி. மறுபடியும் இருக்கைகள் மாறியிருந்தன. இந்த முறை நான் போனைத் தொடவில்லை. மகள் தம்பியோடு தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன். அவள் நிமிரும் வரை காத்திருந்துவிட்டு, செல்போனைக் காட்டினேன்.

"என்ன செய்யட்டும்?"

படித்துப் பார்த்தாள். "அப்பா பேசட்டும். குடும்பமா வந்திருக்கோம்னு மட்டும் சொல்லச் சொல்லு. என் காதப் பத்தி யாரும் பேசக் கூடாது."

"அது மட்டும் சொன்னா கெடைக்காதுடா."

"கெடைக்காட்டிப் போகுது."

கணவர் அப்படியே சொன்னார். மும்பைக் கவுன்டரில் அவருடைய இந்திக்கு அதற்கு மேல் வலுவும் இல்லை. அரை மணி நேரம் நிற்க வைத்துவிட்டு இரண்டும் இரண்டுமாகக் கொடுத்தார்கள், எட்ட எட்ட. நான் அப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன். இன்னும் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் நாலும் சேர்ந்து கிடைத்துவிடுமோ என்று வாய் துறுதுறுத்தது. மகள் நான்கு சீட்டுகளையும் அப்பா கையிலிருந்து வாங்கிப் பார்த்து, இரண்டை என்னிடம் கொடுத்தாள்.

"தம்பி ஒங்கூட இருக்கட்டும். நான் அப்பாகூடப் போறேன்."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். சரி என்றேன்.